முதுமையிற் பயணம்: வன்னிப் பெருநிலம் எழுப்பும் ஓர் அறவினா

1

பணியினின்று ஓய்வுபெற்ற ஒரு கணவனும் மனைவியும், பிள்ளைகளைக் கரைசேர்த்த பின்னர், வாழ்ந்த வீட்டைப் பூட்டித் திறப்பை அயலவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர்கள் காணப் புறப்படுதல் அறத்தோடு பொருந்துமா? மேலைநாடுகளில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் ஒருங்கே அமைந்த வீட்டு வாகனங்களிலே மாதக்கணக்கிற் பயணஞ்செய்யும் முதியோரை அவுஸ்திரேலியாவின் நெடுஞ்சாலைகளிற் பரவலாகக் காணலாம். 'நரைத்த நாடோடிகள்' என அங்குள்ளோர் அவர்களை அழைப்பர். எரிக் ஹிஸ்கொக் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவி சூசனும் 30 அடி நீளமுள்ள பாய்மரப் படகொன்றில் 1952 ஆம் ஆண்டு புறப்பட்டு, உலகை வலம்வந்து 1955 ஆம் ஆண்டு திரும்பினர். அவர் எழுதிய நூல்களைப் படித்த பலருக்குத் தம்பதியராய்க் கடலோடுதல் வாழ்வின் பிற்பகுதிக்குரிய கனவாயிற்று.

நம்மிடையே இவ்வினாவுக்கு இரு விடைகள் வழங்குகின்றன. வயது முதிர்ந்தோர் வீட்டிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்து, கோயில் குளத்தோடு அமைதல் வேண்டும் என்பதும், ஊர் சுற்றுதல் பொருளையும் பொறுப்பையும் ஒருங்கே வீணாக்குதல் என்பதும் ஒரு விடை. ஆயுள் முழுவதும் பிறர்க்கென உழைத்தோர் எஞ்சிய நாட்களைத் தமக்கென வாழ்தலிற் குற்றமேதுமில்லை என்பது மற்றையது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், ஓர் எண்ணத்தை இரண்டும் ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றன. புறப்படுவோருக்கு ஒரு வீடு உண்டு. அவ்வீட்டில் இருப்பதும் அதனை விட்டு நீங்குவதும் அவர்தம் விருப்பத்துக்கு உட்பட்டவை என்பதே அவ்வெண்ணம். அஃது எங்கும் எக்காலத்தும் உண்மையாகாது என்பதை வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாறு உணர்த்துகின்றது. எனவே, பயணத்தின் அறம் யாது என்னும் வினாவைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் வாழ்வை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதற்கண் நம் மரபு கூறுவதைக் காண்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்துக் கற்பியல், இல்வாழ்வின் இறுதிப் பருவத்திலே தலைவனுந் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்தவற்றைப் பயிலுதலையே அவ்வாழ்வின் பயனாகக் கூறுகின்றது. வடமொழித் தரும நூல்கள் கூறும் வானப்பிரத்தமோ வீட்டை நீங்குமாறு பணிக்கின்றது. மனைவியைப் புதல்வரிடம் ஒப்படைத்தேனும், உடன் அழைத்துக்கொண்டேனும் கணவன் காடேகலாம் என மனு நூல் விதிக்கின்றது. அவளது விருப்பம் யாது என்பது அங்கு வினவப்படவில்லை என்பது மனங்கொளத்தக்கது. தம்பதியர் பயணம் என்று நாம் ஒருமையிற் பேசும்போதெல்லாம், அதனுள் இரு மனங்கள் அடங்கியிருப்பதை மறந்துவிடுதல் எளிது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தலையாய கோயிலாகிய வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைப் பற்றி வழங்கும் ஐதிகம் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. மதுரையை எரித்த பின்னர் இலங்கைக்கு வந்த கண்ணகி பல இடங்களிலே தங்கி, பத்தாவதாகத் தங்கிய பளை இதுவெனவும், 'பத்தாப்பளை' என்பதே வற்றாப்பளையாயிற்று எனவும் மக்கள் கூறுவர். புகாரினின்று அவள் கணவனோடு புறப்பட்டபோது, அப்புறப்பாட்டைத் தீர்மானித்தவன் கோவலனே. வற்றாப்பளையில் அமர்ந்ததோ அவளது சொந்தத் தீர்மானம். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரிலே விளக்கேற்றி அவளை வழிபடும் வன்னி மக்கள், நெடும்பயணத்தின் முடிவில் ஓரிடத்தைத் தானே தெரிந்து அமர்ந்த ஒருத்தியையே தம் காவற்றெய்வமாகக் கொண்டுள்ளனர்.

முதியோர் தம் விருப்போடு மேற்கொள்ளும் பயணத்துக்கும் வன்னியில் நெடுங்கால மரபுண்டு. வடமராட்சியின் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை வன்னியின் கிழக்குப் பகுதியூடாகத் திருகோணமலை, மட்டக்களப்பு நோக்கிச் சென்று, உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளைக் கடந்து முடிவுறுகின்றது. போர்க்காலத்திலே வடபகுதியில் தடைப்பட்டிருந்த இந்நடைப்பயணம் போரின் பின்னர் மீண்டும் இடம்பெறலாயிற்று. பல வாரங்கள் நீளும் இந்நடையில் அறுபதும் எழுபதும் கடந்தோர் சிறு துணிமூட்டையோடு செல்வர். அவர்கள் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர். ஓய்வுபெற்ற அதிபரும் கூலிக்கு நாற்று நட்ட மூதாட்டியும் அங்கு ஒரே பெயரினராவர். வழியிலுள்ள ஊரவர் அவர்களுக்குச் சோறிடுவதைத் தமக்குக் கிடைத்த பேறாகக் கருதுவர்.

வடபுலத்து வீதிகளின் ஓரத்தே பழையோர் அமைத்த மடங்களும், தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கிவைக்க உதவிய சுமைதாங்கிகளும் இவ்வுணர்வின் கல்வடிவங்களே. வழிச்செல்வோருக்கு ஊரவர் கடப்பாடு உடையர் என்பது இவற்றாற் பெறப்படும். வீட்டைவிட்டுப் புறப்பட்ட முதியோரைப் பொறுப்பற்றவர் எனப் பழிப்பது நம் மரபு முழுவதற்கும் உரிய கருத்தன்று என்பதும் இதனாற் புலனாகும்.

3

இனி வன்னி கண்ட வேறொரு வகைப் பயணத்தை நோக்குவோம். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவுக்குள் வீடுகளை விட்டு நீங்கினர். அவர்களுட் பலர் பின்னர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளம் தன் பின்னே வேறு வள்ளங்களைக் கயிற்றாற் பிணைத்து இழுத்துச் செல்ல, அவற்றினுள்ளே முதியோரும் குழந்தைகளும் மூட்டைகளும் நெருங்கியிருந்த காட்சியை அக்காலத்தவர் மறந்திலர். 1996 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் கிளிநொச்சி நகரமும் இராணுவத்தின் வசமாக, அங்கு வந்தோரும் அங்கிருந்தோரும் மீண்டும் பெயர்ந்தனர்.

2008 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. மன்னாரின் பெருநிலப் பகுதியிலிருந்தும் வன்னியின் மேற்குப் பகுதியிலிருந்தும் மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபோது, கூரையின் ஓடுகளையும் தகரங்களையும் கழற்றி, கதவையும் யன்னலையும் பெயர்த்து உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டனர். அப்பெட்டியின்மேல் தறப்பாளை விரித்து, அதன்கீழ்ப் பாட்டனையும் பாட்டியையும் இருத்தினர். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் எனப் பயணம் நீள நீளச் சுமை குறைந்தது. முதலில் ஓடுகள் கைவிடப்பட்டன; பின்னர்க் கதவுகள்; பின்னர் உழவு இயந்திரமும். இறுதியில் முன்னே செல்லவும் பின்னே திரும்பவும் வழியின்றி இரு தரப்பாலும் அடைபட்ட மக்கள், உயிரைமட்டுஞ் சுமந்து 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலை விட்டு வெளியேறினர். ஏறத்தாழ 280,000 பேர் வவுனியா மாவட்டத்துச் செட்டிக்குளம் முதலிய இடங்களின் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியதாகிய மெனிக் பாம் 2012 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலேயே முற்றாக மூடப்பட்டது.

புறத்தோற்றத்தை மட்டும் நோக்கின், உழவு இயந்திரப் பெட்டியும் சக்கரத்தின்மேல் அமைந்த வீடுதான்; கிளாலி வள்ளமும் தம்பதியரைச் சுமந்த படகுதான். அங்கும் அடுப்பு மூட்டினர். அங்கும் மரநிழலில் இரவைக் கழித்தனர். எனினும், இதனைப் பயணம் என யாரும் அழைத்திலர். தமிழ் இதற்கு 'இடம்பெயர்வு' என்னும் வேறு பெயரை வழங்கிற்று. இரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோல் யாது?

4

வசதியே அளவுகோல் எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. பாதயாத்திரை செல்லும் மூதாட்டி வெறுந்தரையிற் படுத்துறங்குகின்றாள்; ஆயினும் அவள் பயணியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியால் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் வாகனங்களிலே குடியேறி, பருவத்துக்குப் பருவம் களஞ்சியங்களிலும் முகாம் திடல்களிலும் கூலி வேலை தேடி அலைந்தமையை ஜெசிக்கா புரூடர் தமது 'நோமட்லாந்து' என்னும் நூலில் 2017 ஆம் ஆண்டு பதிவுசெய்தார். இன்பப் பயணம் செல்வோரின் வாகனமும் இவர்களது வாகனமும் ஒரே திடலில் அருகருகே நிற்றல் கூடும். வாகனம் ஒன்று, வாழ்வு வேறு.

தம் விருப்போடு சென்றனரா என வினவுதல் இதனினும் பொருத்தமானது. ஆயின், விருப்பம் என்பதும் எளிதில் வரையறுக்கத்தக்கதன்று. புயலில் அகப்பட்ட மாலுமிகள் கப்பலிலுள்ள பண்டங்களைத் தம் கையாலேயே கடலில் எறிவதை அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலில் எடுத்துக்காட்டுவார். அச்செயலை அவர்கள் தாமே செய்கின்றனர். எனினும், புயலற்ற நாளில் எவனும் அதனை விரும்பிச் செய்யான். ஆதலால் அஃது இருதன்மையும் கலந்த செயல் என்பது அவர் கருத்து. விசுவமட்டில் ஓடுகளை இறக்கிவைத்த குடும்பத்தலைவன் அத்தகையவனே. 'மக்கள் தாமாகவே வெளியேறினர்' என்று பின்னாளிற் கூறுவோர், புயலை மறைத்துவிட்டு எறிந்த கையை மட்டுங் காட்டுகின்றனர்.

எனவே, ஒரு புறப்பாட்டைப் பயணம் என அழைத்தற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் எனலாம். ஒன்று, போகாதிருக்க இயலுதல். இரண்டு, செல்லுந் திசையைச் செல்வோரே தெரிதல். மூன்று, விரும்பியபோது திரும்ப இயலுதல். தம்பதியர் செல்லுமிடத்து இம்மூன்றும் இருவர்க்கும் தனித்தனியே உரியனவாதல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதே ஏனைய இரண்டுக்கும் அடிநிலையாகும். திரும்பிவரத்தக்க வீடு உடையவர்க்கே 'போகமாட்டேன்' எனக் கூறவும் 'இப்பக்கம் போவோம்' எனத் தெரியவும் இடமுண்டு. 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்து 13 ஆம் உறுப்புரை, நாட்டுக்குள் நடமாடவும் வதியவும் உள்ள உரிமையை முதலிலும், நாட்டை நீங்கவும் அங்குத் திரும்பவும் உள்ள உரிமையை அடுத்தும் கூறுகின்றது. நடமாடுதலும் வதிதலும் அங்கு ஒரே தொடரில் வைக்கப்பட்டமை கருத்துக்குரியது. 1998 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அமைப்பில் முன்வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டு நெறிகளும், பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் தம் விருப்பின்படி வீடு திரும்புதலை வலியுறுத்துகின்றன.

திரும்புதலே ஒருவரது வாழ்வின் பெரும்பயணமாதலும் உண்டு. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவைச் சேர்ந்த இரணைதீவு மக்கள் 1992 ஆம் ஆண்டு தம் தீவிலிருந்து பெயர்ந்து, முழங்காவிற் பகுதியில் இரணைமாதாநகரில் வாழலாயினர். கடற்படை தீவிலே நிலைகொண்டிருந்தது. 2017 ஆம் ஆண்டு மே மாதத்திலே தொடங்கிய அவர்களது போராட்டம் ஓராண்டை அணுகியபோது, 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் திகதி அவர்கள் வெள்ளைக் கொடிகளைக் கட்டிய தம் படகுகளில் தீவை நோக்கிப் புறப்பட்டுக் கரையிறங்கினர். அங்கே சிதைந்த வீடுகளும் தேவாலயமும் இருந்தன. இளமையில் அத்தீவை நீங்கிய தம்பதியர் நரைத்த தலையினராய் அதன் மணலை மிதித்தனர். உலகை வலம்வந்த ஹிஸ்கொக் தம்பதியரின் கடலோட்டத்தோடு ஒப்பிடின் இது மிகக் குறுகிய கடல்வழியே. அதனைக் கடக்க இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

5

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். 'இத்துணை அலைந்த மக்களுக்கு மேலும் பயணம் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது ஓரிடத்தில் அமைதியாக இருத்தலே' என்பது அது. பரிவினின்று எழுவதாயினும், இக்கூற்று முதியோரின் விருப்பத்தைத் தானே முடிவுசெய்து விடுகின்றது. துரத்தப்பட்ட தூரத்தைச் சென்ற தூரமாகக் கணக்கிடுதல் நீதியன்று. பசியால் வாடியவனை நோக்கி 'நீ நெடுநாள் நோன்பிருந்தாய்; உனக்குப் புண்ணியம் மிகுதி' என்று கூறுதல் போன்றது அது. இருத்தல் அவர்க்குரிய கடன். அது தீர்க்கப்படல் வேண்டும். அதன்பின் போதலும் அவர்க்குரியதே.

பயணம் செல்வர்க்கே உரியதென்னும் தடையும் உண்டு. கேரளத்துக் கொச்சியிலே சிறு தேநீர்க்கடை நடத்திய விஜயனும் அவர் மனைவி மோகனாவும் நாள்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கியும், போதாதவிடத்துக் கடன்பட்டும் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். ஒவ்வொரு முறையும் கடைக்குத் திரும்பிக் கடனை அடைத்த பின்னரே அடுத்த நாட்டை எண்ணினர். ருஷியாவைக் கண்டு திரும்பிய சில வாரங்களில், 2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விஜயன் காலமானார். அவர்களிடம் செல்வம் இருந்ததில்லை. திரும்பி வந்தால் திறப்பதற்கு ஒரு கடையும், அதனைத் தம்மிடமிருந்து யாரும் பறியார் என்ற உறுதியும் இருந்தன. வன்னி முதியோர் பலர்க்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது இவ்வுறுதியே.

வேறொரு பயணமும் இன்று நம் கருத்தை வேண்டி நிற்கின்றது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோரைத் தம்மிடம் அழைத்துக்கொள்கின்றனர். விமானம் ஏறும் அம்முதியோரை ஊரவர் பாக்கியசாலிகள் என்பர். அவருள் மகிழ்ந்து வாழ்வோர் உளர் என்பதில் ஐயமில்லை. ஆயின், பேரப்பிள்ளையைப் பார்க்கத் தாய் ஒரு மகளிடமும், வீட்டைப் பார்க்கத் தந்தை ஊரிலுமாகப் பிரிந்து வாழும் தம்பதியரும் உளர். மேற்கூறிய மூன்று நிபந்தனைகளையும் இங்கு இட்டுப் பார்த்தல் தகும். 'வரமாட்டேன்' என அத்தாய் கூறினால் அச்சொல் கேட்கப்படுமா? எந்தப் பிள்ளையிடம் எத்துணை மாதம் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஊருக்குத் திரும்பவேண்டும் என அவள் நினைத்தால் பயணச்சீட்டு அவள் கையில் உள்ளதா? அன்பினாற் செய்யப்படினும் கேளாது செய்யப்படுவது இடம்பெயர்த்தலுக்கே அணித்தாகும்.

6

இறுதியாக, போகவே இயலாதவரைப் பற்றிக் கூறாது இவ்வாய்வு நிறைவுறாது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்பாக 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அடுத்த சில நாட்களில் வவுனியாவிலும் அது தொடங்கிற்று. அவர்களுட் பெரும்பாலோர் வயது முதிர்ந்த தாய்மாரும் தந்தைமாரும் ஆவர். விடை காணாமலே பலர் இறந்துவிட்டனர். பிள்ளை எந்நேரமும் வரக்கூடும் என எண்ணும் ஒருத்தி வீட்டைப் பூட்ட மாட்டாள். அயலூர்த் திருவிழாவுக்கு ஒருநாட் சென்றாலும் பொழுதுபடுமுன் திரும்பிவிடுவாள். அவளை எந்த வேலியும் அடைக்கவில்லை. எந்தச் சட்டமும் மறிக்கவில்லை. விடையளிக்கப்படாத ஒரு வினா அவளது வாசற்படியிற் கிடக்கின்றது. அதனைத் தாண்டிச் செல்ல அவளால் இயலவில்லை.

இடத்தை மாற்றுவதால் மனம் மாறாது; எங்குச் சென்றாலும் நீ உன்னையே சுமந்து செல்கின்றாய் என்னுங் கருத்தை உரோமானியத் தத்துவஞானி செனெக்கா கடிதமொன்றில் எழுதினார். கவலையைக் கழிக்க ஊர் சுற்றும் செல்வரை நோக்கி அது கூறப்பட்டது; அவர்க்குப் பொருந்தும். வாசலிற் காத்திருக்கும் தாய்க்கு அதனைக் கூறுதல் கொடுமை. அவளது சுமை அவள் மனத்தினின்று தோன்றியதன்று. பிறரால் அவள்மேல் ஏற்றப்பட்டது. அதனை இறக்கிவைக்கும் சுமைதாங்கியை அமைத்தல் ஏற்றியோரது கடமையும், ஏற்றப்படுவதைக் கண்டிருந்தோரது கடமையுமாகும்.

ஆகவே, முதுமையிற் பயணம் அறமா என்னும் வினாவை முதியோரை நோக்கி எழுப்புதல் முறையன்று. அவ்வினா இளையோரையும் சமூகத்தையும் அரசையும் நோக்கித் திருப்பப்படல் வேண்டும். எவருடைய நிலத்துக்கும் வேறொருவர் காவல் நில்லாதிருத்தல், காணாமற்போனோர் பற்றி உண்மை கூறப்படுதல், வயதான பெற்றோரின் 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும் பிள்ளைகளின் செவியில் ஒரே மதிப்புப் பெறுதல் ஆகிய மூன்றும் நிறைவேறிய பின்னரே, கணவனும் மனைவியும் கதிர்காமத்துக்கு நடப்பதா, கப்பலேறுவதா, திண்ணையில் அமர்ந்து இரணைமடு நீர் வாய்க்காலில் வருவதைப் பார்த்திருப்பதா என்பது அவர்களுடைய தெரிவாகும். அவற்றுள் எதனைத் தெரிந்தாலும் குறையில்லை. திறப்பு அவர்கள் கையில் இருத்தலே வேண்டுவது.